மூன்று பூச்சு

பகல் பதினொன்றிலிருந்து நான்கு மணிவரை வெட்டவெளியில் யாரையும் வேலை வாங்கக்கூடாது என்று ஒரு சட்டம் ஆறு வருஷம் இருந்தது. சட்டை வந்ததும் அது போய்விட்டது.

சட்டையின் யோசனை நல்ல யோசனைதான். வெளிப்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும்; வெயிலில் பாதிக்கு மேல் திருப்பி அடித்துவிடும். மிச்சச் சூடு தோளிலும் முதுகிலும் தங்காமல் துணிக்குள்ளேயே பக்கவாட்டில் ஓடி, அக்குளுக்குக் கீழே நிழலில் தொங்கும் இரண்டு மடிப்புகளுக்குப் போய்க் காற்றில் கரைய வேண்டும். துணியின் தடிமன் தலைமுடியில் நாலில் ஒரு பங்கு. அவ்வளவு மெல்லிய துணியில் சூடு எவ்வளவு வேகமாகப் பரவுகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வேகமாகப் பரவினால் அது சட்டை. இல்லையென்றால் பளபளப்பான சாக்கு.

அதை அளப்பது என் வேலை. திருநெல்வேலிக்கு வெளியே நாற்கரச் சாலையோரம் எங்கள் ஆய்வகம். தனியாருடையது; தொழிலாளர் துறை அங்கீகாரம் உண்டு. இருட்டு அறை, ஒரு மேஜை, மேஜைக்கு மேலே வெப்பத்தைப் படம் பிடிக்கும் கேமரா. துணியை ஒரு இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டுவேன். மிளகு அளவு இடத்தில் லேசர் ஒரு கண்ணிமைப்புக்கும் குறைவான நேரம் சுடும். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றி, மஞ்சளாகி, சிவப்பாகி, அகன்று மறையும். புள்ளி எவ்வளவு சீக்கிரம் அகல்கிறது என்பதை ஒரு எண்ணாக்கிக் கணினி சொல்லும். நாற்பதுக்கு மேல் வந்தால் தேர்ச்சி. தேர்ச்சி பெற்ற சட்டை போட்டவர்களை நாற்பத்தாறு டிகிரிவரை மத்தியானமும் வேலை வாங்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. பளபளப்பான துணியைக் கேமராவால் பார்க்க முடியாது. துணியைப் பார்த்தால் அதில் கேமராவின் முகம்தான் தெரியும். அதனால் அளப்பதற்கு முன் துணியின் மேல் மை அடிப்போம். மை என்றால், பென்சில் கரியைக் கரைத்து டின்னில் அடைத்த ஸ்பிரே. ஒரு பூச்சு அடித்தால் துணி கருத்துவிடும், கேமராவுக்குத் தெரியும். நான் சேர்ந்தபோது ஒரு பூச்சுதான் வழக்கம். அது திட்டுத்திட்டாகப் பிடிக்கும். படம் புள்ளி புள்ளியாக வரும், எண் ஒருமுறை இருபது காட்டும், அடுத்தமுறை முப்பது. ஒரு நாளைக்கு அறுபது மாதிரி முடிக்க வேண்டிய இடத்தில் இருபதுகூட முடியாது.

மூன்று பூச்சு அடிக்கலாம் என்று கண்டுபிடித்தவன் நான். ஒவ்வொரு பூச்சுக்கும் நடுவில் பன்னிரண்டு நிமிஷம் காய விட வேண்டும். படம் அருமையாக வந்தது. எண் ஆடாமல் நின்றது. பொறியியல் மூன்றாம் வருஷத்தில் பதினொரு அரியரோடு கல்லூரியை விட்டவன் எழுதிய முறை, ஆய்வகத்தின் செய்முறைப் புத்தகத்தில் பதினோராம் பக்கமாக ஏறியது. கீழே என் பெயர்: ரா. நம்பிராஜன். துறை அந்தப் பக்கத்தை மாநிலம் முழுவதும் எல்லா ஆய்வகங்களுக்கும் அனுப்பியது. அந்தப் பக்கத்தை நான் போனில் படம் எடுத்து வைத்திருந்தேன்.

*

பிரம்மசக்தி என்ற அம்மா வந்தது மே மாதம், காலை ஏழரை மணிக்கு. என் இரவு ஷிப்ட் முடியும் நேரம். மாதிரி அறையைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை கதவைத் தட்டி, "நம்பி, ஒரு சாவுச் சட்டை வந்திருக்குடே. கூடவே ஆளும் வந்திருக்கு" என்றார்.

சட்டை போட்டுக்கொண்டு வேலை பார்த்தவர் வெயிலில் செத்தால், சட்டையைத் துறை முத்திரை வைத்து எங்களுக்கு அனுப்பும். எண் நாற்பதுக்குக் கீழே வந்தால் சட்டையின் குற்றம். மேலே வந்தால் போட்டவரின் குற்றம். பொத்தானைத் திறந்துவிட்டிருந்தார் என்று எழுதிக் கோப்பை மூடுவார்கள். அதுவரை பத்தொன்பது சாவுச் சட்டைகளை நான் அளந்திருந்தேன். பத்தொன்பதும் தேர்ச்சி. இறந்தவரின் குடும்பத்தில் ஒருவர் சோதனையின்போது கூடவே இருக்கலாம் என்று விதியில் ஒரு வரி இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வந்த முதல் ஆள் இந்த அம்மாதான்.

நாற்பது வயது இருக்கும். தூத்துக்குடிக்கு வடக்கே உப்பளத்தில் வேலை. புருஷன் சித்திரைவேலுக்கும் அங்கேதான். பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்தவர் மத்தியானம் ஒன்றரை மணிக்கு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. அன்றைக்கு நாற்பத்தைந்து டிகிரி. இதையெல்லாம் அவர் ரேஷன் கடையில் கார்டு விவரம் சொல்வதுபோலச் சொன்னார். கம்பெனி கொடுத்த அறிக்கையில் சித்திரைவேல் குடித்திருந்ததாகவும் சட்டையைத் திறந்துவிட்டிருந்ததாகவும் இருக்கிறதாம்.

"பணம் தந்தா வேண்டாம்னு சொல்ல மாட்டேன் சார். ஆனா அவுக பொத்தானத் திறக்கல. நான் அடுத்த பாத்தியில நின்னேன். அத மட்டும் நீங்க எழுதித் தரணும்."

அதெல்லாம் என் வேலை இல்லை, நான் எழுதுவது ஒரே ஒரு எண் என்றேன். அது என்ன எண் என்று கேட்டார். தோசைக்கல்லின் நடுவில் மட்டும் தீ பட்டால் ஓரம் சுட எவ்வளவு நேரமாகும், அந்த மாதிரி ஒரு கணக்கு என்றேன்.

"இரும்புக் கல்லுன்னா சீக்கிரம் சுடும். மண்சட்டின்னா நடுவுல கருகும், ஓரம் பச்சையாவே கெடக்கும்."

"அதேதான்க்கா. இந்தத் துணி இரும்புக் கல்லா மண்சட்டியான்னு பாக்குறோம்."

முத்திரையை உடைத்துச் சட்டையை எடுத்தேன். முதுகு முழுக்கவும் கழுத்துப் பட்டையைச் சுற்றியும் சாம்பல் நிறத்தில் கறை. வியர்வையும் உப்பளத்துச் சேறும் காய்ந்து ஒட்டியிருந்தது. சட்டத்தில் கட்டிக் கேமராவுக்குக் கீழே வைத்தேன். டின்னைக் குலுக்கி மூடியைக் கழற்றினேன்.

"அதுல எதுக்கு மை அடிக்கிய?"

கேமராவுக்குத் தெரிவதற்காக என்றேன். எல்லாச் சட்டைக்கும் அடிப்போம் என்றேன்.

"அவுக மை அடிச்சா போட்டுக்கிட்டுப் போனாவ?"

ஆய்வகத்தில் முனைவர் பட்டம் வாங்கியவர்கள் நாலு பேர் இருக்கிறார்கள். துறையில் தொழில்நுட்பக் குழு என்று ஒன்று இருக்கிறது. ஒன்றரை வருஷத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. என்னிடம் பதில் இருந்தது. மை சும்மா நிறத்துக்குத்தான், அளவை மாற்றாது. ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள செப்புத் தகட்டில் மூன்று பூச்சு அடித்துப் பார்த்தோம், எண் அப்படியே இருந்தது. சொல்ல வாயைத் திறந்தேன். அந்தத் தகடு இந்தத் துணியைவிட ஐம்பது மடங்கு தடிமன் என்பது அப்போதுதான் உறைத்தது. தகட்டின் மேல் மூன்று பூச்சு ஒன்றுமே இல்லை. துணியின் மேல் மூன்று பூச்சு என்பது கிட்டத்தட்ட இன்னொரு துணி.

பென்சில் கரியில் சூடு நன்றாக ஓடும்.

நான் டின்னைப் பிடித்துக்கொண்டே நின்றேன். பிரம்மசக்தி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. சட்டையின் பளபளப்பான பாகமெல்லாம் திரையில் குழம்பிக் கிடந்தது. நடுவில் மட்டும் தெளிவாக ஒரு வடிவம்: இரண்டு தோள்பட்டை, நடு முதுகுக் குழி, இடுப்பில் வார் அழுத்திய கோடு.

"அவுக முதுகு தெரியுது" என்றார்.

உப்பு இந்தக் கேமராவுக்கு ஜன்னல் கண்ணாடி மாதிரி; பார்வை ஊடுருவிப் போய்விடும். சேறு அப்படியில்லை. கறை பிடித்த இடத்தில் மை இல்லாமலே துணி தெரிந்தது. சேற்றில் சூடு ஓடாது, அதனால் அது அளவைக் கூட்டாது. இதைவிட நல்ல பூச்சை நானே யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

டின்னைக் கீழே வைத்துவிட்டு லேசரைக் கறையின் மேல் சுட்டேன். வெள்ளைப் புள்ளி தோன்றியது. தோன்றிய இடத்திலேயே நின்றது. அகலாமல், மெதுவாக, அங்கேயே செத்தது.

ஒன்பது.

இன்னும் மூன்று இடத்தில் சுட்டேன். எட்டு, ஒன்பது, பத்து.

"மண்சட்டியா சார்?" என்றார்.

சட்டை பழசாகிக் கெட்டிருக்கலாம் என்று ஒரு வழி இன்னும் மிச்சம் இருந்தது. கோயில்பிள்ளையிடம் கேட்டு, பிரிக்காத புதுச் சட்டை ஒன்றை வாங்கி வந்தேன். பிறகு பிரம்மசக்தியின் செருப்பைப் பார்த்தேன். விளிம்பில் அதே சாம்பல் சேறு காய்ந்திருந்தது.

"அக்கா, உங்க செருப்புல இருக்க சேறு கொஞ்சம் வேணும்."

எதற்கு என்று கேட்காமல் கழற்றிக் கொடுத்தார். சுரண்டி, தண்ணீரில் குழைத்து, விரலால் புதுத் துணியில் மெல்லிசாகத் தடவினேன். காய்ந்ததும் சுட்டேன். ஒன்பது. பக்கத்தில் சேறு தடவாத இடத்தில் ஒரு பூச்சு மை. இருபத்து நான்கு. இரண்டு பூச்சு. நாற்பத்தொன்று. மூன்று பூச்சு. ஐம்பத்தெட்டு.

ஒன்றரை வருஷமாக நான் அளந்தது துணியை இல்லை. என் மையை.

*

ஒன்பது மணிக்கு டாக்டர் பியூலா வந்தார். ஆய்வகத்தின் தலைவர். கெட்டவர் இல்லை. பையில் எப்போதும் முறுக்கு வைத்திருப்பார். ஷிப்ட் முடிந்து போகிறவர்களை நிறுத்தி ஆளுக்கு இரண்டு கொடுப்பார். நான் நாலு எண்களையும் ஒரு தாளில் எழுதி அவர் முன்னால் வைத்தேன். ஒன்பது, இருபத்து நான்கு, நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு. விளக்கம் தேவைப்படவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் கண்களை அழுத்திக்கொண்டார்.

"எத்தனை பேட்ச் போயிருக்கு?"

நாலாயிரத்துச் சொச்சம் என்றேன். மற்ற ஆய்வகங்களைச் சேர்க்காமல்.

"செப்புத் தகட்ட வச்சு சரிபாக்கச் சொன்னது நான்தான், நம்பி. நீ இல்ல."

அது எனக்கு ஆறுதலாகச் சொன்னது. ஆனால் பதினோராம் பக்கத்தில் இருப்பது என் பெயர்.

சாவுச் சட்டையைச் செய்முறைப்படி அளந்தே ஆக வேண்டும், அளக்காமல் கோப்பைத் திருப்ப முடியாது என்றார். மை அடித்தால் கறை போய்விடும், இருக்கிற ஒரே ஆதாரம் அதுதான் என்றேன். பிறகு சட்டையை உறையில் போட்டு அவரே அலமாரியில் பூட்டி, "செய்முறை ஐயத்துக்குரியது, அளவீடு நிறுத்தி வைக்கப்படுகிறது" என்று அன்றைக்கே துறைக்கு எழுதினார். இருபது வருஷ வேலையில் அவர் செய்த துணிச்சலான காரியம் அதுவாகத்தான் இருக்கும். நான் என் பங்குக்கு ஆறு பக்கம் எழுதினேன். மத்தியான ஓய்வை உடனே திரும்பக் கொண்டுவர வேண்டும் என்பது கடைசி வரி. மேடம் அதை வெட்டவில்லை.

வெளியே வேப்பமரத்தடியில் பிரம்மசக்தி உட்கார்ந்திருந்தார். சட்டை நல்லதில்லை, தப்பு எங்கள் பக்கம் என்றேன். ஏற்கெனவே தெரிந்த செய்திக்குத் தலையாட்டுவதுபோல ஆட்டினார்.

"மத்தவுகளும் இதத்தான் போட்டுக்கிட்டு நிக்காவ. இப்ப மணி பத்து. இன்னைக்கே நிறுத்துவாகளா?"

இன்றைக்கு முடியாது என்றேன்.

"நாளைக்கு?"

*

நாற்பத்தொரு நாள் ஆனது. குழு இரண்டு முறை கூடியது. நான் ஒருமுறை சென்னைக்குப் போய்த் திரையில் படங்களைக் காட்டினேன். கவனமாகக் கேட்டார்கள். ஒருவர், தம்பி எந்தக் கல்லூரி என்றார். சொன்னேன். டிகிரி முடிக்கவில்லை என்பதையும் சொன்னேன். அருமையான கண்டுபிடிப்பு, முடித்திருக்கலாமே என்றார். அந்த நாற்பத்தொரு நாளில் எங்கள் ஆய்வகத்துக்கு மட்டும் ஏழு சாவுச் சட்டைகள் வந்தன. மேடம் ஏழையும் அலமாரியில் பூட்டினார்.

ஆணை வந்த அன்று மேடம் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். மெல்லிய துணிகளில் கரிப் பூச்சு வெப்பப் பரவலை ஆறு மடங்குக்கு மேல் கூட்டுகிறது என்று நிறுவப்பட்டுள்ளது. ஆகவே இதுவரை வழங்கிய சான்றிதழ்கள் பூச்சுடன் கூடிய சட்டைக்குச் செல்லுபடியாகும். இனி எல்லாத் தொழிலாளர்களும் சட்டையின் வெளிப்புறத்தில் மூன்று பூச்சு அடித்த பிறகே அணிய வேண்டும். பூச்சில்லாமல் அணிந்து நேரும் பாதிப்புக்கு அணிந்தவரே பொறுப்பு. முந்தைய மரணங்களின்போது சட்டைகள் அன்றைய செய்முறைப்படி சரியாகவே இருந்ததால் மறுபரிசீலனை இல்லை. கடைசியில் எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு பாராட்டு. மத்தியான ஓய்வைப் பற்றி ஒரு சொல் இல்லை.

இரண்டு முறை படித்தேன்.

"மேடம், அது கருப்பு. பளபளப்புப் போயிரும். வெயில் முழுசும் உள்ள இறங்கும். பரவுறதுல கிடைக்கிற லாபத்தவிட அது பெருசு."

"எனக்குத் தெரியாதா?"

"அப்ப எழுதுங்க."

"எழுதினேன். என்ன எண்ணு குறையுதுன்னு கேக்குறாங்க. நாம அளக்குறது இருட்டு ரூம்ல, இருபத்து மூணு டிகிரில. அதுல கருப்புச் சட்டைதான் ஜெயிக்கும்." கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். "வெயிலுக்கு இன்னும் டெஸ்ட் மெத்தட் இல்ல, நம்பி."

வேலையை விட்டிருக்கலாம். விடவில்லை.

*

ஜூலையில் பிரம்மசக்தி மறுபடி வந்தார். அதே நேரம், காலை ஏழரை. கோப்பு மூடப்பட்டால் சட்டையைக் குடும்பத்துக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கடிதம் போயிருந்தது. முகம் வற்றியிருந்தது. நான் உறையை எடுத்துக் கொடுத்தேன். அப்படியே வாங்கிக்கொண்டு போய்விடுவார் என்று நினைத்தேன். அவர் அதைப் பிரித்து, சட்டையை எடுத்து மேஜையில் விரித்தார்.

"இதுக்கு மை அடிச்சுத் தருவியளா தம்பி?"

திங்கட்கிழமையிலிருந்து புருஷனின் பாத்தியையும் சேர்த்து அவரே பார்க்கிறாராம். அவருடைய சொந்தச் சட்டை தோளில் கிழிந்துவிட்டது. குடும்பத்துக்கு இனி ஒரு சட்டைதான், இது. கம்பெனியில் ஸ்பிரே டின் தீர்ந்துவிட்டது, அடுத்த மாதம்தான் வருமாம். கருப்பில்லாத சட்டையோடு வந்தால் கேட்டிலேயே திருப்பி அனுப்புகிறார்களாம்.

"அக்கா, கருப்பாக்குனா இன்னும் சுடும்."

"கருப்புச் சேலையக் கட்டிக்கிட்டு வெயில்ல நடந்தவளுக்கு அது தெரியாதா? நேத்து ரெண்டு பேரத் தூக்கிட்டுப் போனாவ. மேல பூரா கருப்பு." குரல் ஏறவில்லை. "கேட்டுல நிக்கவனுக்குச் சூடு தெரியாது. நெறந்தான் தெரியும்."

நான் சட்டையைச் சட்டத்தில் கட்டினேன். முன்பக்கமும் கையும் முதலில் அடித்தேன். திருப்பிக் கட்டி முதுகுக்கு வந்தபோது, கறையின் நடுவில் ஓர் உள்ளங்கை அளவுக்கு விட்டுவிட்டுச் சுற்றி அடித்தேன். நாலு புள்ளி சுட்ட இடம் அதற்குள்தான் இருந்தது. கேட்காமலே விட்டேன். அவர் எட்டிப் பார்த்தார்.

"அதையும் அடிச்சிருங்க. லைட்டடிச்சுப் பாக்கான். வெளுப்பா இருந்தா விட மாட்டான்."

அடித்தேன்.

பன்னிரண்டு நிமிஷம் காய வேண்டும். இரண்டு பேரும் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தோம். வெளியே கோயில்பிள்ளை யாரையோ டீ வாங்க அனுப்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் பூச்சு அடித்தேன். மறுபடி பன்னிரண்டு நிமிஷம்.

"அன்னைக்கு அந்தத் திரையில பாத்தியளே. பொத்தான் போட்டிருந்தாகளா இல்லையா, அதுல தெரியுமா?"

திரையில் இல்லை, சட்டையிலேயே தெரிந்தது என்றேன். கழுத்துப் பட்டையைச் சுற்றிச் சேறு வளையம் அறுபடாமல் முழுசாக இருந்தது. திறந்துவிட்டிருந்தால் முன்னால் அது விட்டுப் போயிருக்கும். கழுத்துவரை பூட்டியிருந்தார்.

"ஆமா" என்றார். "பூட்டித்தான் இருந்தாவ. பூட்டலன்னா கங்காணி ஏசுவான்."

எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். ஆய்வகத் தாள் இருக்கிறது, கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். இனி அது எதற்கு என்றார். முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டார். வியர்வைதான்.

மூன்றாம் பூச்சும் காய்ந்தது. கழற்றிக் கொடுத்திருக்கலாம். கை பழக்கத்தில் சட்டத்தைக் கேமராவுக்குக் கீழே தள்ளிவிட்டது. திரையில் ஒரே சீரான கருப்பு. முதுகு இல்லை, தோள்பட்டை இல்லை. லேசரைச் சுட்டேன். வெள்ளைப் புள்ளி தோன்றி, சட்டென்று அகன்று, வட்டமாக, அழகாக மறைந்தது.

"பாஸாயிருச்சா?"

"பாஸ்க்கா."

சட்டையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். எட்டரை மணி பஸ்ஸைப் பிடித்தால் பதினொன்றுக்குள் உப்பளத்துக்குப் போய்விடலாம் என்றார்.

திரையில் எண் அப்படியே நின்றது. அறுபத்து மூன்று. அந்த வருஷம் வேறெந்தச் சட்டைக்கும் அவ்வளவு வந்ததில்லை. சேற்றின் மேல் மை நன்றாகப் பிடிக்கிறது.